இறக்குமதி கார் ரசிகர் என்று நான் யாரைச் சொல்வேன்

கேள்வி இதுதான்: இறக்குமதி கார்கள் மீது உண்மையான ஆர்வம் உள்ளவர் என்று யாரைச் சொல்லலாம்? சொந்தமாக ஒன்று வைத்திருந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதியா? வீடியோ பார்த்து, மாடல் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறவரும் அந்தக் கணக்கில் வருவாரா?

சொந்தமாக வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக இந்த வண்டிகளோடும் இவற்றை நேசிக்கிறவர்களோடும் பழகியதில் எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு வண்டியைப் பார்த்ததும் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்கிறவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கேள்வி யாருக்குத் தானாக வருகிறதோ, அவரைத்தான் நான் ரசிகர் என்பேன். வேறு ஒரு நாட்டின் சாலைக்காக, அங்குள்ள சட்டத்துக்காக, அங்குள்ள வரிக்காகச் செய்யப்பட்ட வண்டி நம் முன்னால் வந்து நிற்கிறது. அதில் பாதி விஷயங்கள், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் புரியவே புரியாது.

"இறக்குமதி" என்ற சொல்லே நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கர்களுக்கு ஒரு காலத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களும்தான் இறக்குமதி. 1957-இல் டொயோட்டா தன் டொயோபெட் கிரவுன் காரை அங்கே கொண்டுபோனது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் சில வருடங்களிலேயே பின்வாங்க வேண்டியிருந்தது. 1970 வாக்கில் நிஸானின் டாட்சன் 240இசட் கார் அங்கே போன பிறகு நிலைமை மாறியது. ஜப்பானில் அதே வண்டிக்கு ஃபேர்லேடி இசட் என்று பெயர். ஜப்பானியர்களோ வெளியிலிருந்து வருகிற வண்டிகளை "கைஷா" என்பார்கள். பிரிட்டனின் பழைய மினிக்கு ஜப்பானில் இருந்த மவுசு, அது 2000 வரை உற்பத்தியில் நீடித்ததற்கு ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று: அமெரிக்காவில் இருக்கிறவர் தன் ஹோண்டா சிவிக்கில் ஜப்பானிய மாடலின் விளக்குகளைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்க, ஜப்பானில் இருக்கிறவர் அதே சிவிக்கில் அமெரிக்க மாடலின் பம்பரையும் பக்கவாட்டு மஞ்சள் விளக்கையும் மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஏங்கியது ஒரே வண்டியின் மறுபாதிக்கு.

சரி, "ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதாவது ஆர்32. அதிலுள்ள ஆர்பி26டிஇடிடி இன்ஜின் 2,568 சிசி. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி). இது வரைக்கும் பலருக்குத் தெரியும். 2,568 என்பது என்ன எண்? ஏன் 2,500 இல்லை, ஏன் 3,000 இல்லை? பதில் பந்தய விதிகளில் இருக்கிறது. அந்த வண்டி, விற்பனைக்கு வரும் கார்களை அடிப்படையாகக் கொண்டு நடக்கும் குரூப் ஏ பந்தயங்களில் ஜெயிப்பதற்காகவே உருவானது. அந்த விதிப்படி டர்போ இன்ஜின் என்றால், அதன் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். 2,568-ஐப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 4,366 வரும். 4,500 சிசி வரம்புக்குள் அடங்கிவிடும். மூன்று லிட்டர் வைத்திருந்தால் 5,100 ஆகி மேல் பிரிவுக்குப் போயிருக்கும். அங்கே குறைந்தபட்ச எடையும் கூடுதல். முதலில் அவர்கள் யோசித்தது 2.4 லிட்டர்தான். நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்ததில் எடை ஏறிவிடவே, ஒரு பிரிவு மேலே, அதாவது இந்த 4,500 பிரிவுக்குப் போனால் அகலமான டயரும் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு இன்ஜினைப் பெரிதாக்கினார்கள்.

அந்தக் கணக்கு பலித்தது. ஜப்பானின் டூரிங் கார் தொடரில் 1990 முதல் 1993 வரை 29 பந்தயங்கள், 29 வெற்றிகள். ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991-லும் 1992-லும் ஜெயித்தது. "காட்ஸில்லா" என்ற பட்டப்பெயரை வைத்ததே ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகைதான்.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் போனெட்டைத் திறந்து அந்த இன்ஜினைப் பார்ப்பதற்கும், "எத்தனை எச்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முன்னவருக்கு அந்த 2,568 என்ற எண்ணில் ஒரு பொறியாளர் குழு இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கு தெரிகிறது.

அதே வண்டிக்குள் ஏறி உட்காருங்கள். இவ்வளவு பெரிய பந்தய வரலாறு உள்ள காரின் வேகமானி 180-உடன் நின்றுவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது: உள்நாட்டு வண்டிகள் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்துவது. சக்திக்கும் அதே மாதிரி 280 குதிரைத்திறன் என்று ஓர் எல்லை. 1989-இல் தொடங்கிய அந்த எல்லை 2004-இல்தான் விலக்கப்பட்டது. 300 குதிரைத்திறனுடன் ஹோண்டா லெஜண்ட் வந்தது அப்போதுதான். ஆகவே 1990-களின் ஜப்பானிய விளம்பரத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா, ஃபேர்லேடி இசட் எல்லாவற்றிலும் 280, 280, 280 என்றே இருக்கும். அமெரிக்காவுக்குப் போன சுப்ராவுக்கு 320 என்று எழுதினார்கள். 280 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எது பெரியது என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த எண் இன்ஜினை அளந்து எழுதிய எண்ணே இல்லை. பலவற்றில் உண்மையான சக்தி அதைவிட அதிகம்.

சின்ன வண்டிகளை மதிக்கத் தெரிகிறதா என்றும் நான் கவனிப்பேன். ஜப்பானின் கெய் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் மாறிய விதிப்படி இன்ஜின் 660 சிசிக்குள், நீளம் 3.3 மீட்டருக்குள், அகலம் 1.4 மீட்டருக்குள் இருக்க வேண்டியிருந்தது. சக்தி 64 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை. இந்தச் சின்னப் பெட்டிக்குள் என்னதான் செய்துவிட முடியும் என்று தோன்றும். ஹோண்டா 1991-இல் பீட் என்ற காரைக் கொண்டுவந்தது. திறந்த கூரை, இருக்கைகளுக்குப் பின்னால் இன்ஜின், மூன்று சிலிண்டருக்கும் காற்றை அளந்துவிடும் தனித்தனி த்ராட்டில். டர்போவே இல்லாமல் 8,100 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) அந்த 64-ஐ எட்டும். ஓட்டும்போது ஒரு பந்தய பைக்கை விரட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதே வருடம் சுஸுகி கப்புசினோ. அடுத்த வருடம், கதவுகள் இறக்கை மாதிரி மேலே திறக்கும் ஆட்டோஸாம் ஏஇசட்-1. இவற்றைப் பார்த்து "பொம்மை" என்று சிரித்துவிட்டுப் போகிறவருக்கு ஜிடி-ஆர் பிடிப்பதும் பெயருக்காகத்தான் என்று நினைக்கிறேன். டொயோட்டா ஏஇ86-உம் இப்படித்தான். 1,587 சிசி, 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இயக்கம். காகிதத்தில் பார்த்தால் சாதாரண வண்டி. ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் கெய்ச்சி சுச்சியா அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது டிரிஃப்ட், அதாவது வண்டியைச் சறுக்கவிட்டே வளைவில் திருப்பும் கலை, பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்துகொள்வது ஒரு பக்கம். அந்த அறிவு கைக்கு வருகிறதா என்பதும் முக்கியம். வால்வுகள் திறக்கும் விதத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் ஹோண்டாவின் விடெக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 1989-இல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ இன்ஜின் 1,595 சிசியில் 160 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு நூறு, அதுவும் டர்போ இல்லாமல். உள்ளே என்ன நடக்கிறது? வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட்டில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு வடிவம் (கேம்), வேகமான ஓட்டத்துக்கு இன்னொரு வடிவம். ஆர்பிஎம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி, வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டும். அந்த நொடியில் வால்வுகள் பெரிய கேமின் பிடிக்கு மாறும். சத்தமே மாறிவிடும். இங்கே கவனியுங்கள், வேலை செய்வது ஆயில் அழுத்தம். ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ அந்த மாற்றம் சரியாக நடக்காது. இதைப் புரிந்துகொண்டவர் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவு பார்ப்பார். அந்தச் சத்தத்தை நாள் முழுக்க வீடியோவில் கேட்டு ரசிக்கிறவர் ஆறு மாதமாக ஆயிலைப் பார்க்காமல் ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர்எக்ஸ்-7-இல் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல் என்ற அடைப்புப் பட்டைகளுக்கு வழுவழுப்பு வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியை நாலடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி அடுத்த தடவை கிளம்ப மறுக்கும். அதனால் ரோட்டரிக்காரர்கள் வாசலில் வண்டியை இடம் மாற்றுவதானால்கூட சூடாகும் வரை ஓடவிட்டுத்தான் அணைப்பார்கள். 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். நான்கு ரோட்டர், அங்கே ரோட்டரி ஜெயித்தது அந்த ஒரு முறைதான். அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறவருக்கு இந்தச் சின்னப் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், வாங்குகிற விஷயம். இதில் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மனம் உடைந்துபோகிறவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான்.

ஜப்பானிலிருந்து வருகிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஏலக்கூடங்கள் வழியாக வருகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆய்வுத் தாள் உண்டு. மேல் மூலையில் மதிப்பெண்: 5, 4.5, 4, 3.5 என்று. உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி. கீழே வண்டியின் படம், அதில் சின்னச் சின்னக் குறிகள். ஏ1 என்றால் சிறிய கீறல். யு என்றால் ஒடுக்கு. டபிள்யூ என்றால் டிங்கரிங் வேலை நடந்து, பார்த்தால் தெரியும் அலை. எஸ் துரு. எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகம் ஏற்கெனவே மாற்றப்பட்டது. மதிப்பெண் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஆர் என்று இருந்தால், வண்டியின் எலும்புக்கூட்டிலேயே பழுது பார்த்த வரலாறு உண்டு, "ஷுஃபுகுரெக்கி" என்பார்கள்.

என் நண்பர் ஒருவர் பல வருடம் ஆசைப்பட்டு ஓர் ஆர்32-ஐ வரவழைத்தார். ஏலத் தாளின் மொழிபெயர்ப்பும் கூடவே வந்தது. அதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வண்டி வந்த அன்று போனெட்டைத் திறந்தேன். முதலில் நான் பார்ப்பது மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத்தான். தொழிற்சாலையில் பாடியோடு சேர்த்தே பெயிண்ட் அடிப்பதால் போல்ட்டின் தலையிலும் அதே நிறம் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் மினுங்கும். இடது பக்கம் வரிசையாக எல்லா போல்ட்டிலும் அந்த மினுக்கம். கையை உள்ளே விட்டு முன்சட்டத்தைத் தடவினால் ஓரிடத்தில் வெல்டிங் மேடு தட்டுப்பட்டது. அசல் தாளைத் தேடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தோம். மூலையில் ஆர் இருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தார்.

நண்பர் அன்று ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அந்த வண்டியை அவர் விற்கவும் இல்லை, மூடி மறைக்கவும் இல்லை. சட்டத்தை அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோனார், பழைய வெல்டிங்கை எடுத்துவிட்டுச் சரியாகச் செய்ய வைத்தார், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, அந்த ஆர் தாளையும் சேர்த்து ஒரே கோப்பில் வைத்தார். நாளைக்கு யாராவது வாங்க வந்தால் முதலில் காட்டப்போவது அந்தக் கோப்பைத்தான் என்றார். என் மனதில் அவர் இடம் அன்றைக்கு இன்னும் உயர்ந்தது.

சட்டத்தை மதிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத காரை 25 வருடம் ஆன பிறகே தடையில்லாமல் கொண்டுவர முடியும். கனடாவில் 15 வருடம். அதனால் 1989-இல் பிறந்த ஆர்32 அமெரிக்காவுக்குள் முறைப்படி நுழைந்தது 2014-இல். அதன் பிந்தைய தலைமுறையாக 1999-இல் வந்த ஆர்34 ஜிடி-ஆருக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வயது கணக்கிடுவது தயாரான மாதத்தை வைத்து. சேசிஸ் எண்ணைப் பார்த்து, எந்த மாதம் என்று தேடி, நாட்காட்டியில் குறித்துவைத்துக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் மனதாரப் போற்றுகிறேன். காத்திருக்க மாட்டாமல் பொய்க் காகிதத்தில் கொண்டுவந்து, பிறகு பறிமுதலாகி நொறுக்கப்பட்ட வண்டிகளும் உண்டு. உலகத்தில் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகும் ஒரு வண்டியை அப்படிச் சாகவிட்டவரை என்னால் ரசிகர் கணக்கில் சேர்க்க முடியாது.

மாற்றங்கள் செய்யலாமா, கூடாதா என்ற சண்டை ஓயாது. தாராளமாகச் செய்யலாம் என்பது என் கட்சி. எச்கேஎஸ், முகென், நிஸ்மோ, ஸ்பூன் போன்ற, வண்டிகளை மேம்படுத்தும் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் எல்லாம் இந்தக் கலாசாரத்தின் உயிர்நாடி. அவர்கள் இல்லாமல் இந்த வண்டிகளுக்கு இத்தனை பெயர் வந்திருக்காது. கழற்றிய அசல் பாகங்களைப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், அது போதும். போலிப் பாகங்களை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ரேய்ஸ் (Rays) என்ற சக்கரத் தயாரிப்பு நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டிஇ37 சக்கரத்தின் பெயரில் உள்ள 37, 15 அங்குல அளவில் அதன் எடையான 3.7 கிலோவைக் குறிக்கும். அலுமினியத்தை அடித்து உருவாக்கியதால்தான் அந்த எடையில் அந்த வலு. வார்ப்பில் ஊற்றி அதே ஆறு கால் வடிவத்தில் விற்கிற நகல், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது விரிசல் விட்டால் உள்ளே இருப்பவர் உயிர்தான் போகும். அசலுக்குக் கைக்கு எட்டவில்லையா, வண்டியோடு வந்த சக்கரத்திலேயே ஓட்டுங்கள். எந்தக் குறைவும் இல்லை.

பொதுச் சாலையில் பந்தயம் விடுகிறவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவர்களால் இந்த வண்டிகளுக்குக் கெட்ட பெயரும் கடுமையான சோதனைகளும்தான் மிச்சம்.

வண்டியே இல்லாதவரும் ரசிகர்தானா என்பதும் முதலில் எழுப்பிய கேள்விதானே. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். அவரிடம் சைக்கிள் மட்டுமே உண்டு. ஏலத் தாள்களைப் படிப்பதற்காகவே ஜப்பானிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். மேலே சொன்ன நண்பருடைய வண்டியின் இன்ஜின் அறையில் ஒரு சின்ன ஸ்டிக்கர், பாதி அழிந்துபோய் ஒட்டியிருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்தப் பையன் டார்ச் அடித்து, துணியால் மெதுவாகத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். டைமிங் பெல்ட் மாற்றப்பட்ட தேதியும் கிலோமீட்டரும் அதில் இருந்தன. ஜப்பானிய மெக்கானிக்குகள் அப்படி எழுதி ஒட்டிவைப்பது வழக்கம். 98,000-இல் மாற்றியிருக்கிறார்கள். யாரோ ஒருவர், நாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவர், அந்த இன்ஜினை நேரத்துக்குக் கவனித்திருக்கிறார்.

போன மாதம் நண்பர் அதே வேலையை மறுபடி செய்தார். பழைய ஸ்டிக்கரை உரிக்கவில்லை. அதற்குக் கீழே அதே அளவில் புதிதாக ஒன்றை ஒட்டி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லி பேனாவை அந்தப் பையனிடம் கொடுத்தார்.